வானில் குதிப்பவர்களின் நட்பு: குமரி மாவட்டத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கங்களில் ஸ்கைடைவிங், அதாவது விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கும் விளையாட்டு, பழகியவர்கள் சிலர் இருக்கிறோம். ஊருக்கு வரும்போதெல்லாம் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் நிறுத்திவைத்துக் கேட்கிறார்கள். எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் என்ற விவரங்கள் எங்கும் கிடைக்கும். அந்த ஆட்கள் எப்படிப்பட்டவர்கள், நாம் போனால் சேர்த்துக்கொள்வார்களா, அங்கே கிடைக்கும் நட்பு எப்படிப்பட்டது என்று தமிழில் எழுதியிருப்பவர்கள் குறைவு. எங்களிடம் வந்த கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தருகிறேன்.

நம்ம மாவட்டத்தில் எங்கே போய்க் குதிக்கலாம்?

எங்கேயும் முடியாது. குமரி மாவட்டத்தில் விமான நிலையமே கிடையாது. பக்கத்தில் இருக்கும் திருவனந்தபுரமும் தூத்துக்குடியும் பயணிகள் விமானம் ஓடும் இடங்கள். ஸ்கைடைவிங்குக்குச் சிறு விமானம் ஏறி இறங்க ஓடுதளம் வேண்டும். அதைச் சுற்றி மரமும் மின்கம்பியும் இல்லாத பெரிய வெட்டவெளி வேண்டும். மேலே 13,000 அடி வரைக்கும் வான்வெளி அனுமதி வேண்டும். நம்மூரில் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் தென்னையும் ரப்பரும் வாழையும் வீடுகளும். ஆரல்வாய்மொழிப் பக்கம் வெட்டவெளி உண்டு. ஆனால் முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றில் பாராசூட்டோடு தரையிறங்க முடியாது.

இந்தியாவில் ஹரியானாவின் நார்னௌலில் குதிக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் உஜ்ஜயினியில் சீசனில் விழாவாக நடத்துகிறார்கள். வெளிநாடு என்றால் துபாய், தாய்லாந்தின் பட்டாயா. பறந்தால் போதும் என்பவர்களுக்கு வாகமண்ணிலும் வர்க்கலாவிலும் பாராகிளைடிங் இருக்கிறது. அது வேறு விளையாட்டு, வேறு ஆட்கள், அவர்களும் நல்ல ஆட்கள்.

அப்படியானால் இந்த ஊர்க்காரர்கள் இதற்குள் எப்படி வந்தார்கள்?

பெரும்பாலும் வளைகுடா வழியாக. நம் மாவட்டத்தில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. துபாயில் வேலை பார்ப்பவருக்கு வார விடுமுறையில் அறையில் படுத்துக் கிடப்பது அலுத்துப்போகும். ஒருவர் டேண்டம் (பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிக் குதிப்பது) போய்விட்டு வருவார், அதைக் கேட்டு அறை நண்பர் போவார். நான் வந்ததும் இப்படித்தான்.

இன்னொரு வழி ராணுவம். ஆக்ராவில் உள்ள பாராட்ரூப்பர்ஸ் பயிற்சிப் பள்ளியில் ஐந்து ஜம்ப் முடித்து மார்பில் இறக்கைச் சின்னம் வாங்கியவர்கள் நம் ஊர்களில் உண்டு. அவர்களுடைய ஜம்ப் வேறு வகை. உயரம் குறைவு. விமானத்தை விட்டு வெளியே வந்ததும் கயிறு இழுத்து பாராசூட் தானாக விரிந்துவிடும். ஆனாலும் அவர்களில் ஒருவரோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள். முதல் தடவை கதவருகே நின்றதைச் சொல்லும்போது அவர் குரலும் எங்கள் குரலும் ஒன்றுதான்.

டேண்டம் ஒரு தடவை போய்வந்தேன். நானும் இந்தக் கூட்டத்தில் ஒருவனா?

டேண்டத்தில் நீங்கள் பயணி. பயிற்றுநர் உங்களைத் தன் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிப்பார். மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைய விழுவீர்கள். 5,000 அடி வாக்கில் அவர் பாராசூட்டை விரிப்பார். அனுபவம் உண்மையானது, யாரும் அதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் கூட்டத்தில் சேர்வது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

எப்படிச் சேர்வது என்றால், போய்விடாமல் அங்கேயே இருங்கள். டேண்டம் முடித்தவர்களில் அநேகம் பேர் வீடியோவை வாங்கிக்கொண்டு காரில் ஏறிவிடுவார்கள். சாயங்காலம் வரைக்கும் பேக்கிங், அதாவது பாராசூட் மடிப்பு, நடக்கும் கூடாரத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பவரை, கொஞ்ச நேரத்தில் யாராவது வந்து பெயர் கேட்பார்கள். டிராப் ஸோன் என்பது குதிக்கும் இடம். எனக்குத் தெரிந்த எல்லா டிராப் ஸோனிலும் இது நடக்கிறது.

கற்றுக்கொள்ள எவ்வளவு காலம் ஆகும்?

உலகில் பல இடங்களில் பின்பற்றப்படும் அமெரிக்க பாராசூட் சங்கத்தின் முறையைச் சொல்கிறேன். முதலில் ஒரு நாள் தரைப்பாடம். அப்புறம் ஏ.எஃப்.எஃப். என்ற பயிற்சி. ஆரம்ப நிலைகளில் இரண்டு பயிற்றுநர்கள் இரு பக்கமும் உங்களைப் பிடித்துக்கொண்டு விழுவார்கள், பிறகு ஒருவர், பிறகு நீங்களே. குறைந்தது 25 ஜம்ப் முடித்துத் தேர்வில் தேறினால் ஏ லைசென்ஸ். பி லைசென்ஸுக்கு 50, சி-க்கு 200, டி-க்கு 500. வானிலை ஒத்துழைத்தால் ஏ லைசென்ஸ் சில வாரங்களில் முடியும். விடுமுறையைப் பிய்த்துப் பிய்த்துப் போகும் நம் ஆட்களுக்கு ஒரு வருடம்கூட ஆகும். பணம் கணிசமாகச் செலவாகும். கடன் வாங்கிச் செய்யாதீர்கள்.

தெரியாத ஆட்களை நம்பி எப்படி உயிரைக் கொடுப்பது?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

ஸ்கைடைவர் முதுகில் இரண்டு பாராசூட் இருக்கும், எப்போதும் விரிக்கும் மெயின் ஒன்று, ஆபத்துக்கு ரிசர்வ் ஒன்று. மெயினை நாமே மடிப்போம், அல்லது பேக்கர் மடிப்பார். ரிசர்வை அதற்கென்று சான்று பெற்ற ரிக்கர் மட்டுமே மடிக்கலாம். அமெரிக்காவில் 180 நாளுக்கு ஒரு முறை அதைப் பிரித்துப் பார்த்து மறுபடி மடித்தாக வேண்டும். இது தவிர சைப்ரஸ் போன்ற தானியங்கிக் கருவி ஒன்றும் உள்ளே இருக்கும். மயங்கிப்போய்ச் சுமார் 750 அடி வரைக்கும் நீங்கள் வேகமாக விழுந்துகொண்டே இருந்தால், அது தானே ரிசர்வைத் திறந்துவிடும். ஜெர்மனியில் 1991-ல் இது வந்தபிறகு, இல்லாவிட்டால் இறந்திருக்கக்கூடிய பலர் இன்று பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள்.

இத்தனை இருந்தும் ஒவ்வொரு ஜம்ப்புக்கும் முன்னால் இன்னொரு மனிதர் உங்களைச் சோதித்துப் பார்ப்பார். தோளில் மூன்று வளையங்கள் சரியாகக் கோர்த்திருக்கின்றனவா, மார்பிலும் இரண்டு கால்களிலும் பட்டை இறுக்கமா, மெயினைத் திறக்கும் கைப்பிடி, அது சரியாக விரியாவிட்டால் வெட்டிவிடும் கைப்பிடி, ரிசர்வ் கைப்பிடி மூன்றும் இடத்தில் இருக்கின்றனவா என்று முன்புறம் பார்ப்பார். பின்னால் மூடியைத் தூக்கி, பாராசூட் பையை மூடி வைத்திருக்கும் ஊசி சரியாக நிற்கிறதா என்றும் பார்ப்பார். குதிக்கும் முன்பு விமானத்துக்குள் மறுபடியும் ஒரு தடவை. உங்கள் ஜம்ப் எண்ணிக்கை பத்தாக இருந்தாலும் ஆயிரமாக இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை.

முதுகுப்புறம் இருக்கும் ஊசியை உங்கள் கண்ணால் நீங்கள் பார்க்க முடியாது. அடுத்தவர் பார்த்துத் தோளில் தட்டினால்தான் உண்டு. அதனால் ஒரு காலையில் அறிமுகமான ஆள் மதியத்துக்குள் உங்களுக்கு வேண்டியவராகிவிடுகிறார். தூத்தூர்ப் பக்கம் வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகும் படகில், கரையில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட ஒருவர் கட்டிய கயிற்றை இன்னொருவர் இழுத்துப் பார்ப்பார்கள். அந்தக் கடற்கரையில் பிறந்த பையன்களுக்கு டிராப் ஸோன் நட்பை நான் விளக்கவே வேண்டியிருந்ததில்லை.

நண்பன் எனக்கு "நீ இன்னைக்குச் சாடாதே" என்று சொன்னான். மனசு கஷ்டமாகிவிட்டது. அவன் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்?

இப்படிக் கேட்டவர் இரணியல் பக்கத்து இளைஞர். துபாயில் ஏ லைசென்ஸ் வாங்கியவர். லைசென்ஸ் வாங்கிய சூட்டிலேயே ஹெல்மெட்டில் கேமரா மாட்டிக் குதிக்கப் போனார். கூட இருந்த மூத்தவர் விமானம் ஏற விடவில்லை. எல்லார் முன்னிலையிலும் நடந்ததால் அவருக்கு அவமானமாகப் போய்விட்டது.

மூத்தவர் செய்தது சரி. கேமரா மாட்ட 200 ஜம்ப் ஆகட்டும் என்பது அந்த அமெரிக்கச் சங்கத்தின் பரிந்துரை. காரணம் எளிது. கேமரா இருந்தால் மனம் அதில் போகும், உயரமானியில் இருக்க வேண்டிய கண் படத்தில் இருக்கும். பாராசூட் விரியும்போது கயிறு கேமராவில் சிக்கவும் கூடும். இறக்கை வைத்த உடையான விங்சூட் போட்டுப் பறக்கவும் 200 ஜம்ப் கட்டாயம். பாராசூட்டின் அளவும் அப்படித்தான். சின்ன பாராசூட் வேகமாகப் போகும், பார்க்க அழகாக இருக்கும், புதியவர் கையில் காலை உடைக்கும்.

இங்கே நட்பின் அளவே இதுதான் என்று நான் நினைக்கிறேன். உங்களைப் பாராட்ட நூறு பேர் வருவார்கள். "தூக்கம் சரியில்லை என்று காலையில் சொன்னாயே, இந்த லோடில் (ஒரே விமானத்தில் ஏறும் குழுவில்) போகாதே" என்று சொல்பவர் ஒருவரோ இருவரோ. சொன்னால் நீங்கள் கோபப்படுவீர்கள் என்று அவருக்கும் தெரியும், தெரிந்தேதான் சொல்கிறார். நம் ஊர்ப் பழக்கத்தில் இது கஷ்டம். பெரியவர் தவறு செய்தால் வாய் திறக்க மாட்டோம், ஒத்த வயதுக்காரனைத் தடுத்தால் பொறாமை என்பார்கள் என்று பேசாமல் இருப்போம். டிராப் ஸோனில் அந்த மரியாதைக்கு இடமில்லை. இருபது ஜம்ப் முடித்த பெண், இரண்டாயிரம் ஜம்ப் முடித்தவரைப் பார்த்து "அண்ணா, மார்புப் பட்டையை ஒருக்கா பாருங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவர் நின்று பார்ப்பார், நன்றி சொல்வார். பார்க்காமல் சிரித்துத் தட்டிக்கழிக்கும் ஆளோடு குதிக்காதீர்கள். எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

இரணியல் இளைஞர் ஒரு மாதம் அந்த மூத்தவரோடு பேசவில்லை. அப்புறம் பேசினார். இப்போது அவர் புதியவர்களைத் தடுத்து நிறுத்துகிறார்.

ஒரு நிமிடம் விழுவதற்கு ஏன் நாள் முழுக்க அங்கே கிடக்கிறீர்கள்?

காற்று. பயிற்சி மாணவர்களுக்குத் தரைக்காற்று மணிக்கு 14 மைலைத் தாண்டக் கூடாது, அதாவது சுமார் 22 கிலோமீட்டர். ஆடிக்காற்றில் வளர்ந்த நமக்கு இது காற்றாகவே தோன்றாது. ஆனால் பாராசூட்டோடு இறங்குபவருக்கு அதுவே பெரிது. மேகம் தாழ்ந்தாலும் குதிக்க முடியாது. வட இந்தியக் குளிர்காலத்தில் காலைப் பனிமூட்டம் பத்து மணி தாண்டியும் கலையாது. அதனால் காத்திருக்கிறோம்.

அந்தக் காத்திருப்பில்தான் நட்பு வளர்கிறது. வானத்தில் பேச முடியாது, காற்றின் இரைச்சலில் கைச்சாடைதான். பேச்செல்லாம் தரையில். தரையில் பாராசூட்டைப் பரப்பி மடித்துக்கொண்டே வேலை, வீட்டுக்கடன், பிள்ளையின் படிப்பு எல்லாம் பேசுவோம். மடிப்பு பிடிக்க இரண்டு கை போதாதபோது பக்கத்தில் இருப்பவர் முழங்காலை ஊன்றி உதவுவார். குதிக்கப்போகும் அணி தரையிலேயே ஒரு தடவை நடந்து பார்க்கும். யார் யாரைப் பிடிப்பது, எந்த உயரத்தில் பிரிவது என்று முடிவு செய்வார்கள். மேலே நடப்பதெல்லாம் கீழே பேசி வைத்ததுதான். வந்ததும் வீடியோவைப் போட்டு யார் எங்கே நழுவினார்கள் என்று பார்ப்போம். நாள் முழுக்கக் காத்திருந்து ஒரு ஜம்ப்கூட இல்லாமல் திரும்பியதும் உண்டு. அப்படிப்பட்ட நாட்களில் பழகியவர்களோடுதான் இன்றும் வாரம் தவறாமல் பேசுகிறேன்.

இந்தச் சேர்ந்து பேசுதல் எந்த அளவுக்குப் போகும் என்றால், 2006 பிப்ரவரி 8 அன்று தாய்லாந்தின் உடோன் தானியில் 400 பேர் வானில் ஒருவரையொருவர் பிடித்து ஒரே உருவமாக நின்றார்கள். நின்றது 4.25 நொடி. 2009-ல் கலிஃபோர்னியாவில் 181 பெண்கள் சேர்ந்து இதேபோல் செய்தார்கள். ஒருவர் தவறான இடத்துக்கு வந்தாலும் மொத்தமும் குலையும்.

எனக்கு ஹிந்தி தெரியாது, ஆங்கிலம் சுமார். ஒதுக்கிவிடுவார்களா?

மாட்டார்கள். ஆனால் பாதுகாப்புப் பாடம் புரியாமல் தலையாட்டக் கூடாது. புரியவில்லை என்றால் பத்துத் தடவை கேளுங்கள். வளைகுடாவில் மலையாளிகள் நிறைய. விளவங்கோடு, கிள்ளியூர்க்காரர்களுக்கு மலையாளம் வீட்டு மொழி மாதிரிதான். நார்னௌலுக்குப் போனால் ஹிந்தி கொஞ்சம் வேண்டியிருக்கும். வானில் எல்லாருக்கும் ஒரே கைச்சாடை. காலை நீட்டு, இடுப்பைத் தாழ்த்து, உயரத்தைப் பார், இழு. அதைத் தூக்கத்தில் கேட்டாலும் செய்யும் அளவுக்குப் படித்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை எதைச் செய்தாலும் எல்லாருக்கும் பீர் வாங்கித் தர வேண்டுமாமே? நான் குடிப்பதில்லை.

உலகம் முழுக்க உள்ள வழக்கம் அது. முதல் தனி ஜம்ப், முதல் லைசென்ஸ், முதல் தடவை மெயினை வெட்டிவிட்டு ரிசர்வில் இறங்கியது என எதற்கும் அன்று மாலை ஒரு பெட்டி பீர். கடைசி லோடு இறங்கி அன்றைய குதிப்பு முடிந்த பிறகுதான் யாரும் தொட வேண்டும். அதில் தளர்வு காட்டும் இடத்துக்குப் போகவே போகாதீர்கள்.

குடிக்காதவர்கள் வேறு ஏதாவது கொடுக்கலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எங்கள் கூட்டத்தில் போளியும் பால் பாயசமும் கொடுத்தவர் உண்டு. ஊரிலிருந்து வரும்போது முந்திரிக்கொத்து கொண்டுவந்து வைத்துக்கொண்டு, லைசென்ஸ் வந்த அன்று பிரித்தவர் உண்டு. ரிசர்வை மடித்துக்கொடுத்த ரிக்கருக்கு ஏதாவது வாங்கிக்கொடுப்பதும் வழக்கம், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த மடிப்பில்தான் நீங்கள் இறங்கியிருக்கிறீர்கள்.

பெண்கள் போகலாமா?

போகிறார்கள். ராச்செல் தாமஸ் 2002-ல் வட துருவத்தில் குதித்தார், 2005-ல் பத்மஸ்ரீ பெற்றார். புனேயின் ஷீத்தல் மகாஜன் 2004-ல் வட துருவத்தில் குதித்தவர், 2011-ல் பத்மஸ்ரீ. 2018-ல் அவர் பட்டாயாவில் ஒன்பது கஜச் சேலை கட்டிக் குதித்தார். சேலை பறக்காதபடி பத்திரமாகக் கட்டியிருந்தார். அவ்வளவு அனுபவம் இருப்பவர் செய்தது அது, மற்றவர்கள் ஜம்ப்சூட்டே போடுங்கள்.

நம் ஊர்ப் பெண்களுக்குக் குதிப்பதைவிட வீட்டை விட்டுத் தனியாகப் போய்ப் பத்து நாள் தங்குவதுதான் பெரிய தடை. இரண்டு பேராகச் சேர்ந்து போனவர்களுக்கு அது எளிதாக இருந்தது. அங்கே இருக்கும் மூத்த பெண் ஸ்கைடைவர்கள் புதிதாக வருபவளைக் கண்டால் தாங்களாகவே வந்து தங்கும் இடம், கூட வரும் ஆள், எந்தப் பயிற்றுநர் நல்லவர் என்று சொல்லிவிடுவார்கள். பயிற்றுநர் என்பவர் பட்டையைச் சரிசெய்யத் தொடத்தான் வேண்டும். எதற்காகத் தொடுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தொடுபவரே நல்ல பயிற்றுநர். மனதுக்கு ஒவ்வாத எதுவும் நடந்தால் அன்றே, அந்த இடத்திலேயே சொல்லுங்கள், ஆளை மாற்றச் சொல்லுங்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

மறைக்காதீர்கள். ஒளித்து வைத்துப் போகிறவர் வானத்திலும் பாதி மனதோடுதான் இருப்பார். அம்மாவிடம் ஒரேயடியாகச் சம்மதம் வாங்க முடியாது. முதலில் இப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லுங்கள். அப்புறம் இரண்டு பாராசூட் இருப்பதைக் காட்டுங்கள். அப்புறம் கூடப் போகும் நண்பரை வீட்டுக்கு அழைத்து வந்து சாப்பிட வையுங்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் ஒரு வேளை சாப்பிட்டுப் பேசிவிட்டுப் போன ஆளை நம் அம்மாக்கள் மறக்க மாட்டார்கள். என் வீட்டில் அம்மா என் ஜம்ப் எண்ணிக்கையைக் கேட்டதே இல்லை. "அந்தத் தக்கலைப் பையனும் உன் கூட வாறானா" என்று மட்டும் கேட்பார்.

திருமணமானவர்கள் இன்சூரன்ஸையும் பாருங்கள். விபத்து, மருத்துவப் பாலிசிகள் பலவற்றில் சாகச விளையாட்டுக்குக் காப்பீடு கிடையாது. பாலிசியின் விலக்குப் பகுதியை மனைவியோ கணவரோ கூட உட்கார்ந்து படிக்கட்டும்.

யாராவது இறந்தால் என்ன செய்வீர்கள்?

அமெரிக்காவில் 2023-ல் சுமார் 36.5 லட்சம் ஜம்ப் நடந்து 10 பேர் இறந்தார்கள். இந்தக் கணக்கு புதியவருக்குத் தைரியம் தரும், தரட்டும். ஆனால் இந்தக் கூட்டத்தில் நீண்ட நாள் இருந்தால், பெயர் தெரிந்த ஒருவரை என்றாவது இழப்பீர்கள். அதை மறைத்துவிட்டு உங்களை இதற்குள் அழைப்பது நியாயமில்லை.

விபத்துகள் பலவும் பாராசூட் விரியாததால் நடப்பதில்லை. நன்றாக விரிந்த பாராசூட்டைத் தரைக்கு மிக அருகில் வேகமாகத் திருப்பியதால் நடக்கின்றன. அதனால் யார் இறந்தாலும் என்ன நடந்தது என்று பேசுவோம். வெளியாட்களுக்கு இது கல்நெஞ்சம் மாதிரித் தோன்றும். நண்பர் இறந்த இரண்டாம் நாளில் அவர் செய்த பிழையைப் பேசுவதா என்பார்கள். பேசாவிட்டால் அதே பிழையில் இன்னொரு வீடு அழும். பழி போடாமல், பெயரைக் கெடுக்காமல் பேச வேண்டும், அது பழகித்தான் வரும்.

சிலர் அஸ்தியை வானில் தூவச் சொல்லிவிட்டுப் போவார்கள். நண்பர்கள் சேர்ந்து மேலே போய் அதைச் செய்வார்கள். நம் மக்கள் அநேகமாகக் குமரிக் கடலில் கரைக்கவே கேட்பார்கள், அல்லது கல்லறைத் தோட்டத்தில் வைக்க. எதுவானாலும் கூடக் குதித்தவர்கள் போய் நிற்போம். இறந்தவரின் பெற்றோரைப் பார்த்து என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றிருக்கிறோம். ஓகி புயலில் ஆட்களைத் தொலைத்த கடற்கரை ஊரைச் சேர்ந்த நண்பர் ஒருவர் எங்களுக்குச் சொன்னது, முதல் வாரம் எல்லாரும் போவார்கள், ஆறாம் மாதம் போங்கள் என்று. அதைப் பின்பற்றி வருகிறோம்.

ஜம்ப் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் மரியாதையா?

ஓரளவு ஆம், எனக்கு இது பிடிக்காது. சாதி, மதம், சம்பளம் எதையும் கேட்காத கூட்டம் முதல் கேள்வியாக "எத்தனை ஜம்ப்" என்று கேட்கும். அனுபவம் அறிய அது தேவை, சேர்ந்து குதிக்கும் முன் கேட்டே ஆக வேண்டும். ஆனால் சாப்பாட்டு மேசையிலும் எண்ணிக்கைப்படி உட்காரும் இடங்கள் உண்டு. புதியவரோடு ஒரு ஜம்ப் போக நேரம் ஒதுக்காத மூத்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் மனம் நோகாமல் வேறு இடம் பாருங்கள்.

ஊருக்குத் திரும்பிவிட்டேன். வருடத்துக்கு ஒரு தடவைதான் போக முடிகிறது. தொடர்பு விட்டுப்போகுமா?

ஏ லைசென்ஸ்காரர் 60 நாளுக்கு மேல் குதிக்காமல் இருந்தால், பயிற்றுநரோடு ஒரு முறை பழையதைப் புதுப்பித்துக்கொண்டுதான் தொடர வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை, போனதும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஊரில் நாங்கள் செய்வது இது. யார் விடுமுறைக்கு வந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். வீட்டு மொட்டைமாடியில் பாராசூட்டை விரித்து மடித்துப் பழகுகிறோம். யாராவது ஒருவர் "மெயின் சுற்றிக்கொண்டு விரிகிறது" என்று கத்த, மற்றவர் வலக்கையால் வெட்டுவதும் இடக்கையால் ரிசர்வ் இழுப்பதுமாகச் செய்து காட்ட வேண்டும். பி லைசென்ஸுக்குத் தண்ணீரில் இறங்கும் பயிற்சி வேண்டும். அதைப் பயிற்றுநர் முன்னால்தான் செய்ய முடியும் என்றாலும், நீச்சல் நம் குளங்களிலேயே பழகலாம். இந்த மாவட்டத்தில் குளத்துக்கா பஞ்சம்?

கூட்டமாகப் போக வேண்டுமென்றால் திருக்குறள் எக்ஸ்பிரஸில் டெல்லி நிஜாமுதீன் வரைக்கும் போய், அங்கிருந்து நார்னௌல் போகலாம். விமானம் திருவனந்தபுரத்திலிருந்து சீக்கிரம் போய்விடும். ஆனால் புதியவர் ஒருவர் இருந்தால் நான் ரயிலைத்தான் சொல்வேன். இரண்டு நாள் ஒரே பெட்டியில் இருந்தால், அவர் பயத்தை எப்படிக் கையாளுகிறார், தூக்கம் எப்படி, சொன்னதைக் கேட்பவரா என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

நண்பனின் பாராசூட்டை இரவல் வாங்கலாமா?

உங்கள் எடைக்கும் அனுபவத்துக்கும் அந்த அளவு பொருந்தும் என்று பயிற்றுநர் சொன்னால் மட்டும். பழசு வாங்குவதானாலும் ரிக்கர் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். நண்பர்களுக்குள் விலை பேசுவதை வெளிப்படையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வானத்தில் பிரியாதவர்கள் பணத்தில் பிரிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

திருமணம், குழந்தை, முழங்கால் வலி. நிறுத்திவிட்டால் நட்பும் போய்விடுமா?

சில நட்பு போகும். சேர்ந்து குதித்தது மட்டுமே பேச இருந்தவர்களோடு இரண்டு தடவை பேசினால் விஷயம் தீர்ந்துவிடும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. காத்திருந்த நாட்களில் வீட்டுக் கதை பேசியவர்கள் இருப்பார்கள். நிறுத்துவது என்று ஒருவர் சொன்னால் "ஏன், பயந்துவிட்டாயா" என்று கேட்பவர்களும் உண்டு, அவர்களைப் பொருட்படுத்த வேண்டாம். நிறுத்தத் தெரிவதும் இதில் ஒரு திறமைதான்.

குதிக்காமலே இந்தக் கூட்டத்தில் இருக்க முடியுமா?

தாராளமாக. டிராப் ஸோனில் பேக்கர், ரிக்கர், பைலட், எந்த லோடில் யார் என்று பெயர் எழுதுபவர் என்று எத்தனையோ பேர் வேண்டும். பேக்கிங் கைத்தொழில், பொறுமை உள்ளவருக்குச் சம்பாத்தியமும் உண்டு. எங்கள் நண்பர் ஒருவரின் மனைவி ஒரு தடவையும் குதித்ததில்லை. ஆனால் இறங்கும் பாராசூட்டை அண்ணாந்து பார்த்தே யார் வருகிறார், காற்றை எதிர்த்துச் சரியாகத் திரும்பினாரா என்று சொல்லிவிடுவார். அவர் அருகில் நிற்கும் புதியவர்கள் நிறையக் கற்றுக்கொள்கிறார்கள்.

முதல் தடவை வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

வயதுச் சான்று, 18 முடிந்திருக்க வேண்டும். உங்கள் சரியான எடை. டேண்டத்துக்குப் பல இடங்களில் 100 கிலோ வாக்கில் வரம்பு வைத்திருக்கிறார்கள், குறைத்துச் சொல்லாதீர்கள். இதயம், வலிப்பு, தோள்மூட்டு நழுவல் எதுவும் இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். கயிறு கட்டும் ஷூ, தொப்பி, தண்ணீர். மூக்கடைப்பு இருந்தால் அந்த வாரம் வேண்டாம், காது வலிக்கும். திரும்பும் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள், வானிலைக்காகக் காத்திருக்க வேண்டி வரும். நாலு பேருக்குக் கொடுக்கும்படி நேந்திரங்காய் சிப்ஸும் எடுத்து வாருங்கள்.